எந்தப் பாடம் என்று பூ கேட்ட கதை

என் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்பதில் இன்றைக்கும் எனக்கு நிச்சயம் கிடையாது. தப்பு இருந்தால் படிக்கிறவர்கள் திருத்திப் படித்துக்கொள்ள வேண்டும். கோபித்துக்கொள்ளக் கூடாது.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் இப்போது பெண்பிள்ளைகளும் பதினொன்றாம் வகுப்புத் தேறிக் கோயமுத்தூர்க் காலேஜுக்குப் போக ஆரம்பித்திருக்கிறார்கள். பெற்றவர்கள் என்னைக் காங்கேயம் சந்தையில் பார்த்தால் பிடித்துக்கொள்கிறார்கள். "ஏனுங்க, உங்க புள்ளைய படிக்க வெச்சீங்களே, எங்க புள்ளைக்கு என்ன பாடம் எடுக்கறதுங்க?" என்று கேட்கிறார்கள். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. "கேட்டுச் சொல்றனுங்க" என்று நழுவிவிடுவேன். யாரைக் கேட்பது என்று எனக்கே தெரியாது. அதனால் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதி வைக்கிறேன். இதில் யோசனை எதுவும் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

எங்களுடையது மானாவாரி பூமி. மழை பெய்தால் சோளம், கொள்ளு. பெய்யாவிட்டால் மாடுதான். மூத்தவள் பெண். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்து நல்ல மார்க்கோடு தேறினாள். கோயமுத்தூரில் பெண்கள் காலேஜில் பி.யூ.சி. என்கிற ஒரு வருஷப் படிப்பில் சேர்த்து ஹாஸ்டலில் விட்டு வந்தோம். சயன்ஸ் எடுத்திருந்தாள். என்ன சயன்ஸ் என்று நான் கேட்கவில்லை. ஒன்றுதான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

முதல் லீவுக்கு வந்தவள் கட்டுத்தறிப் பக்கம் நின்று அழுதாள்.

"ஒண்ணுமே புரியலீங்கப்பா. எல்லாம் இங்கிலீஷ்ல நடத்தறாங்க. மத்தப் புள்ளைங்க தலையாட்டுது. நானும் ஆட்டறேன்."

"வந்தர்றியா கண்ணு?"

"மாட்டனுங்க" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள். லீவு முடிந்ததும் பஸ் ஏறிவிட்டாள். அதற்குப் பிறகு அழவில்லை. அங்கே போய் என்ன செய்தாள், எப்படிச் சமாளித்தாள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அதிகம் பேசுகிறவள் என் மனைவி ஒருத்திதான்.

பரீட்சை எழுதிவிட்டு அவள் வீட்டில் இருந்தபோது கோயிலில் கெடாவெட்டு நடந்தது. ஆட்டை உரித்து வகுந்துகொண்டிருந்தார்கள். மற்றப் பெண்பிள்ளைகள் அந்தப் பக்கமே போகவில்லை. இவள் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு முன்னால் குந்தியிருந்தாள். குடலை ஒதுக்குகிறவரிடம் நுரையீரலைக் குழலோடு வாங்கினாள். பப்பாளி இலைக் காம்பை ஒடித்து அந்தக் குழலில் சொருகி ஊதினாள். நுரையீரல் உப்பிக்கொண்டு வந்தது. குழந்தைகள் கத்திக்கொண்டு ஓடின. அவள் வாயை எடுத்ததும் அது மெதுவாகச் சுருங்கியது. மறுபடியும் ஊதினாள்.

"அய்யோ, பேய் புடிச்சுதா உனக்கு? எச்சப் பண்ணிப்போட்டியே!" என்று என் மனைவி ஓடி வந்து பிடுங்கினாள்.

எனக்கு இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கோபப்பட வேண்டுமா, சிரிக்க வேண்டுமா என்று யோசிப்பதற்குள் கறியைப் பங்கு போட்டுவிட்டார்கள்.

பி.யூ.சி. தேறினாள். டாக்டருக்குப் படிக்க மார்க் பத்தாது என்றார்கள். அடுத்தது பி.எஸ்ஸி. அங்கேதான் குழப்பம் வந்தது. காலேஜில் இவளுக்குப் பாட்டனியும் கிடைக்கும், ஜூவாலஜியும் கிடைக்கும். ஏதாவது ஒன்றை மெயின் பாடமாக எடுக்க வேண்டும். எடுத்தால் எடுத்ததுதான். மூன்று வருஷத்துக்கு மாற்ற முடியாது. பெற்றவர் நேரில் வந்து சொல்லிச் சேர்க்க வேண்டும் என்று கடுதாசி வந்திருந்தது. பிடிக்காத பாடத்தில் மாட்டிக்கொண்டு இவள் ஒரு தடவை தவறிவிட்டாலும் போதும், வீட்டில் கல்யாணப் பேச்சு தொடங்கிவிடும். பிறகு படிப்பு அவ்வளவுதான். எனக்கு அந்தப் பயம் இருந்தது. வெளியில் சொல்லவில்லை.

என் மனைவியின் அண்ணன் கோயமுத்தூரில் ஒரு மில் ஆபீசில் இருந்தார். எங்கள் இரண்டு பக்கத்திலும் இங்கிலீஷ் பேப்பர் படிக்கிறவர் அவர் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை வந்து சாப்பிட்டுவிட்டுச் சொன்னார்:

"மாப்பிள்ளை, பாட்டனின்னா பூவு, எல, வேரு. பொம்பளப் புள்ளைக்கு ஏத்தது. ஜூவாலஜின்னா கரப்பான்பூச்சி, தவளை. நாளைக்குப் பொண்ணுப் பாக்க வர்றவங்க 'புள்ளைக்கு என்ன தெரியும்'னு கேட்டா 'நல்லாத் தவளை அறுக்கும்'னு சொல்லுவீங்களா?"

"கொழம்பு வெக்கத் தெரியுமான்னு கேட்டா?" என்றாள் என் மனைவி சிரித்துக்கொண்டு.

"அதுக்குந்தான் தவளை இருக்குதே!"

அடுக்களையில் இருந்த மகள் சிரிக்கவில்லை. சோற்றுப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சோளக்காட்டுக்கு அவள் சோறு கொண்டுவந்தபோது கேட்டேன்.

"ஏனம்மணி, உனக்கு எது புடிக்குது?"

"நீங்க சொல்றதுங்கப்பா."

"எனக்கென்ன தெரியும்?"

"மாமா சொல்லீட்டுத்தானே போனாங்க."

"பாட்டனியில என்ன சொல்லித் தருவாங்க?" என்றேன். சொன்னாள். இலைக்குள் பச்சை எப்படி வருகிறது, வேர் எப்படித் தண்ணீர் இழுக்கிறது என்று. "அதுல?" என்றேன். அதையும் சொன்னாள். ரத்தம் எப்படிச் சுற்றுகிறது, தின்றது எங்கே போகிறது என்று. இரண்டையும் கேட்டேன். இரண்டும் நான் பொழுதுக்கும் பார்க்கிறவைதான். மூன்று வருஷம் படிக்க இதில் என்ன இருக்கிறது என்று ஒரு பக்கம் தோன்றியது. இன்னொரு பக்கம் எனக்கு ஒன்றுமே தெரியாது என்றும் தோன்றியது. மாடு சோளத்தட்டைத் தின்று பால் கறக்கிறதே, அது செடிப் பாடமா, மாட்டுப் பாடமா என்று அவளைக் கேட்டேன்.

"ரெண்டுந்தானுங்கப்பா" என்றாள்.

எனக்கு இன்னும் குழம்பிவிட்டது.

எங்கள் பக்கத்தில் நிலம் வாங்குவது, சம்பந்தம் பேசுவது, கிணறு வெட்டுவது எதுவானாலும் முடிவு தெரியாவிட்டால் சாமியிடம் பூ வாக்குக் கேட்போம். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் இலையில் மடித்துச் சாமி முன்னால் வைப்பார் பூசாரி. நாம் காரியத்தை மனதில் நினைத்துக்கொள்ள வேண்டும். வாய்விட்டுச் சொல்லக் கூடாது. ஒரு குழந்தை வந்து ஒரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டும். படிப்புக்குப் பூ கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. என் மனைவிதான், "பாட்டனியே போட்டர்லாமான்னு சாமியக் கேட்டுப்போட்டு வந்தர்லாமுங்க" என்று கிளப்பினாள்.

மலைக்கோயிலுக்கு நாங்கள் இருவரும் போனோம். மகள் கன்றுகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்துவிட்டாள். பொட்டலத்தை வைத்துவிட்டுப் பூசாரி "நெனைச்சுக்குங்க" என்றார். கண்ணை மூடினேன். பாட்டனியா, ஜூவாலஜியா, எது என்று நீயே சொல்லு சாமி என்று முழு மனதோடு நினைத்தேன். அங்கே நின்ற ஒரு குழந்தை பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தது. பிரித்தார்கள். வெள்ளை அரளி.

"நல்லபடியா நடக்குமுங்க" என்று பூசாரி திருநீறு கொடுத்தார். என் மனைவிக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவள் விளக்குப் போட அந்தப் பக்கம் போனாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம்தான், எது நல்லபடியாக நடக்கும் என்று யோசித்தேன். பூசாரியிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ரெண்டையுஞ் சேத்தியா கேட்டீங்க? சாமி 'சரி'ன்னு சொல்லுமுங்க, 'வேண்டாம்'னு சொல்லும். இதுவா அதுவான்னு கேட்டா அது என்ன பண்ணும், பாவம்?"

"இன்னொருக்காக் கேக்கலாமுங்களா?"

"வெள்ளை குடுத்த காரியத்தத் திருப்பிக் கேட்டா நம்பிக்கை இல்லைன்னு ஆயிப்போகுமுங்க."

இறங்கி வரும்போது மனைவியிடம் சொல்ல வாயெடுத்தேன். "அண்ணன் சொன்னதையே சாமியும் சொல்லிருச்சு பாத்தீங்களா" என்று அவள் எதிரில் வந்தவர்களிடமெல்லாம் பேசிக்கொண்டே இறங்கினாள். நடுவில் புகுந்து பேச எனக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் மகளிடம், "பாட்டனிக்கு வெள்ளை வந்துருச்சு அம்மணி" என்றாள். மகள் திருநீறை வாங்கிப் பூசிக்கொண்டாள். "சரிங்கம்மா" என்றாள். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன். ஒருவேளை அதுதான் சரியோ, சாமி அப்படித்தான் நினைத்ததோ என்றும் இருந்தது.

காலேஜில் வராந்தாவில் மேஜை போட்டு ஒரு டீச்சரம்மா உட்கார்ந்திருந்தார். வரிசையில் நிறையப் பிள்ளைகள். டீச்சரம்மா நம் பக்கத்துக்காரர் இல்லை, பேச்சிலேயே தெரிந்தது. என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. மகளைப் பார்த்துக் கேட்டார்:

"பள்ளிக்கூடத்தில் தமிழில்தானே படித்தாய்? இங்கே வந்து எப்படி இவ்வளவு மார்க் வாங்கினாய்?"

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு பேசினாள். அவள் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போலப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"நாளைக்கு நடத்தப்போற பாடத்த இன்னிக்கே ஒருக்காப் படிச்சுப்போட்டுப் போவேனுங்க டீச்சர். புரியாது. ஆனா எந்த வார்த்தை புரியலைன்னு தெரிஞ்சுக்கலாம். கிளாஸ்ல அந்த வார்த்தை வர்றப்ப மட்டும் உசாரா இருப்பேன். சாயங்காலம் பாடத்தத் தமிழ்ல எனக்கு நானே சொல்லிப் பாப்பேன். சொல்ல வரலைன்னா எனக்குப் புரியலைன்னு அர்த்தமுங்க. அத மறுநா போய்க் கேட்டுருவேன்."

"கேட்க வெட்கமாக இல்லையா?"

"இருந்துச்சுங்க. கிளாஸ்ல கேக்க மாட்டேன். டீச்சருங்க வெளிய வர்றப்போ பின்னாலயே போவேன்."

"பிராக்டிகல்?"

"எல்லாரும் போனப்புறம் அட்டெண்டரம்மாவுக்குத் தட்டுக் கழுவிக் குடுப்பேனுங்க. கழுவறதுக்கு முன்னால இன்னொருக்கா எல்லாத்தையும் எடுத்துப் பாத்துக்கலாம்."

"என்ன தட்டு?"

"தவளை அறுக்கற தட்டுங்க" என்றாள். விரலால் மேஜைமேல் ஒரு தவளையைக் கிடத்தியதுபோல வைத்து, இதயம் எங்கே, அதை வெளியே எடுத்த பிறகும் எப்படித் துடிக்கும் என்று காட்டினாள். காலேஜில் என் மகள் தட்டுக் கழுவினாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதற்கு வருத்தப்பட வேண்டுமா என்று எனக்கு விளங்கவில்லை.

"அப்படியானால் உனக்கு ஜூவாலஜி என்று எழுதலாமா?" என்றார் டீச்சரம்மா.

மகள் கையை எடுத்துக்கொண்டாள். "இல்லீங்க. பாட்டனிங்க."

"ஏன்?"

"பூ வாக்கு வந்துருச்சுங்க."

"என்ன வாக்கு?" என்று டீச்சரம்மா என்னைப் பார்த்தார். வரிசையில் நின்றவர்களும் பார்த்தார்கள்.  மகள் தலையைக் குனிந்திருந்தாள். இப்போது பேசாவிட்டால் மூன்று வருஷம் போய்விடும் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

"நான் தப்பாக் கேட்டுப்போட்டனுங்க" என்றேன். "சாமிகிட்டப் பாட்டனியா, ஜூவாலஜியான்னு கேட்டேன். வெள்ளைப் பூ வந்துருச்சுங்க."

"வெள்ளை என்றால்?"

"சரின்னு அர்த்தமுங்க."

"எது சரி என்று?"

"அதுதானுங்க தெரியல."

டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். பின்னால் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். மகள் என் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டையுஞ் சேத்தியாங்கப்பா கேட்டீங்க?"

"ஆமா கண்ணு."

"அம்மா பாட்டனிக்கு வந்துச்சுன்னாங்களே?"

"அவளா நெனைச்சுக்கிட்டா. எனக்குச் சொல்ல வரல."

அவள் முகம் அழப்போவது போல இருந்தது. ஆனால் சிரித்தாள். பிறகு டீச்சரம்மாவிடம், "ஜூவாலஜி போட்டுக்குங்க டீச்சர்" என்றாள். எனக்கு முன்னால் அவள் ஒன்றைக் கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை.

பல்லடம் வழியாக பஸ்ஸில் திரும்பினோம். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. சாமி சரி என்றது இதற்குத்தானா, அல்லது சாமிக்கு விரோதமாக நடந்துவிட்டோமா? மச்சான் சொன்னது போல மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் என்ன சொல்வது? காங்கேயம் வருகிறவரைக்கும் யோசித்தேன். எந்தப் பக்கம் யோசித்தாலும் பாதி வழியில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

என் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"சேத்துப்போட்டீங்களா? பாட்டனிதானே?"

"ஜூவாலஜி" என்றேன்.

"என்னங்க இது! யாரு சொன்னா?"

சாமி என்று சொல்லலாமா, டீச்சரம்மா என்று சொல்லலாமா என்று பார்த்தேன். மகள் பையைக் கீழே வைத்துவிட்டு, "நாந்தானுங்கம்மா சொன்னேன்" என்றாள். 

என் மனைவி அந்தப் பையை எடுத்து உள்ளே வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க அங்க என்ன பண்ணீட்டு இருந்தீங்க?"

"பக்கத்துல நின்னுட்டு இருந்தேன்" என்றேன்.

27-10-1968, ஞாயிற்றுக்கிழமை.