ரெண்டு சீட்டுக் காரின் மூன்று பிறவிகள்

என் கணவரிடம் லண்டனில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கார்கள் இருந்தன. மூன்றும் ஒரே சாதி. ரெண்டு சீட், துணிக் கூரை, தரையோடு தரையாகக் கிடக்கும் உடம்பு. முதலாவது அறுபதுகளில் செய்த இங்கிலீஷ் கார். இரண்டாவதும் அதே கார்தான், ஆனால் எழுபதுகளின் கடைசியில் செய்தது. மூன்றாவது, அந்த இங்கிலீஷ் காரை ஆற அமரப் பார்த்து, அது விட்ட பிழைகளையெல்லாம் திருத்தி ஜப்பான்காரன் செய்தது. மூன்றில் எது திறம் என்று அவர் மணிக்கணக்கில் பேசுவார். கேட்க ஆள் இல்லாவிட்டால் என்னிடம் பேசுவார். ஆகவே இந்த விசயத்தில் எனக்கும் கொஞ்சம் அறிவு உண்டு. அவர் சொல்லாமல் விட்ட பக்கத்தை நான் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் ஹீத்ரோவில் யாழ்ப்பாணத்து ஆட்கள் வந்து இறங்காத கிழமை கிடையாது. வெம்பிளியில் கார் வைத்திருந்த தமிழன் எவனும் சம்பளமில்லாத டிரைவர்தான். "அண்ணை, மச்சான் வாறார், ஒருக்கா எயார்போட்டுக்கு வர ஏலுமோ?" என்று யாராவது கதவைத் தட்டுவார்கள். ஏலாது என்று சொன்னவனின் பெயர் அடுத்த வெள்ளிக்கிழமை ஆர்ச்வே முருகன் கோயில் முழுக்கப் பரவிவிடும். என் கணவர் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர், மூளைசாலி. அவர் கண்டுபிடித்த வழிதான் ரெண்டு சீட்டுக் கார். ஏலாது என்று அவர் வாயால் சொல்லவேண்டியதில்லை, காரே சொல்லிவிடும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, ரெண்டு சீட் போதும்தானே என்று எனக்கும் ஒரு நியாயம் சொன்னார். எனக்கும் ஊரில் வரவேண்டிய ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை மட்டும் அந்த மூளை கணக்கில் எடுக்கவில்லை.

முதல் காரைப் பற்றி. முன்னும் பின்னும் குரோம் பம்பர், அதில் முகம் பார்த்துச் சீப்பால் தலை இழுக்கலாம். அவர் இழுத்துமிருக்கிறார். ஹீட்டர் என்று ஒரு பிடி இருந்தது, அதை இழுத்தால் சத்தம் வரும், சூடு வராது. மழைக்குக் கூரையை மூடினால் உள்ளே கொஞ்சம் குறைவாக மழை பெய்யும். ஸ்டார்ட் பண்ணுவது ஒரு பூசை. சோக் என்கிற பிடியை அளவாக இழுக்கவேண்டும். காலால் பெற்றோல் பெடலை ரெண்டு தரம் மிதிக்கவேண்டும். அதற்கும் அசையாவிட்டால் இறங்கிப் போய்ப் பின்பக்கம் குனிந்து, பெற்றோல் பம்பில் ஸ்பானரால் ஒரு தட்டுத் தட்டவேண்டும். எங்கே தட்டுவது, எவ்வளவு பலமாகத் தட்டுவது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். "இது ஆளறிஞ்ச கார்" என்று பெருமையாகச் சொல்வார்.

ஆளறிந்த காருக்கு ஆர்ச்வேயில் பூசை செய்வித்தோம். ஐயர் பானெட்டில் சந்தனம் வைத்து, தேங்காய் உடைத்து, நாலு சில்லுக்கும் கீழே நாலு தேசிக்காய் வைத்தார். இனிக் கார் தானாக முன்னால் போய் அவற்றை நசிக்கவேண்டும். அது அசையவில்லை. என் கணவர் பட்டுவேட்டியோடு குனிந்து ஸ்பானரால் தட்டிப் பார்த்தார், அப்போதும் அசையவில்லை. கடைசியில் தரிசனத்துக்கு வந்த சனம் கூடித் தள்ளித்தான் அந்தத் தேசிக்காய்கள் நசிந்தன. அன்று தள்ளியவர்களில் பாதிப்பேர் அவரிடம் எயார்போட்டுக்கு வரச்சொல்லிக் கேட்க நினைத்திருந்தவர்கள். பிறகு ஒருவரும் கேட்கவில்லை. அந்த வகையில் பூசை பலித்தது.

அடுத்த கார்த்திகையில் என் தம்பி வந்தான். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஹீத்ரோவில் அந்தக் கதவு திறந்து என் ஆள் வெளியே வரும்போது, அத்தனை தெரியாத முகங்களுக்கு நடுவில் அவன் முதலில் காண்கிற முகம் என்னுடையதாக இருக்கவேண்டும். நான் வந்தபோது எனக்கு அப்படி ஒரு முகம் இருக்கவில்லை. அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

"நானும் வாறன்," என்றேன்.

"நீர் எப்பிடி வாறது? ரெண்டு சீட் தானே. போகேக்க நீர் இருப்பீர். வரேக்க தம்பியை எங்க இருத்துறது?"

"வரேக்க நான் ரெயினில வாறன்."

"தம்பி காரில வர, அக்கா ரெயினில வாறதோ? சனம் என்ன சொல்லும்? அதோட, தூர இருந்து வாற ஆள் பூட்டின வீட்டுக்கு வரக்கூடாது. வாசலில ஆள் நிக்கவேணும், கால் கழுவச் செம்பில தண்ணியோட."

எங்கள் ஆட்களின் வழக்கம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஆடி அமாவாசை எது, ஆவணிச் சதுர்த்தி எது என்று தெரியாத மனிதருக்கு இது ஒன்று மட்டும் எப்படி ஞாபகம் இருந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நான் செம்போடு வாசலில் நின்றேன். கார் வந்தது, கூரை திறந்தபடி. கார்த்திகைக் குளிரில், ஊரிலிருந்து வந்த பருத்திச் சேட்டோடு, என் தம்பி உதடு நீலம் பாரித்து உட்கார்ந்திருந்தான். கூரையை மூடினால் காரின் அழகு தெரியாதாம். அக்கா என்று கூப்பிட அவனுக்கு வாய் வரவில்லை, பல்லுத்தான் அடித்தது. அந்தக் காலில் பச்சைத் தண்ணீரை ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. உள்ளே கூட்டிப்போய்த் தேத்தண்ணி கொடுத்த பிறகுதான் அவன் பேசினான்.

"நீங்க வரேல்லை எண்டோடன, பிழையான ஆளோட போறனோ எண்டு பயந்தே போனன் அக்கா."

அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. அவர் வெளியே பம்பரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தச் சாதிக் கார்க்காரர்கள் ஒரு மதுக்கடை வாசலில் கூடுவார்கள். தொப்பி போட்ட வெள்ளைக்காரக் கிழவர்களுக்கு நடுவில் என் கணவர் ஒருவர்தான் தமிழர். அங்கே ஒரே விவாதம், குரோம் பம்பரா ரப்பர் பம்பரா என்பது. எழுபதுகளில் அமெரிக்காவின் சட்டத்துக்காகக் கம்பனி அந்தக் காருக்குக் கறுப்பு ரப்பர் பம்பர் பூட்டி, உடம்பையும் கொஞ்சம் உயர்த்திவிட்டதாம். அதை அவர்கள் குடும்பத்தில் நடந்த ஓர் அவமானத்தைப் போலத் தணிந்த குரலில் பேசுவார்கள். என் கணவர் எல்லாரையும்விடக் கடுமையாக ரப்பரை ஏசினார். "காலில போடுற சப்பாத்தை மூஞ்சியில கட்டின மாதிரி" என்று வீட்டில் வந்தும் சொன்னார்.

பிறகு முதல் காரின் தரை கறள் பிடித்து ஓட்டையாகி, ஒருநாள் என் செருப்புக்குக் கீழே வெம்பிளி றோட்டு ஓடுவது தெரிந்தது. அதை விற்றுவிட்டு அவர் வாங்கியது ரப்பர் பம்பர் கார். குரோம் வைத்த கார் கைக்கு எட்டவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் மறுநாளே ரப்பரில் எத்தனை நன்மைகள்! துடைக்கத் தேவையில்லை, இடித்தால் நெளியாது, உயரம் கூடினதால் முதுகுக்கும் நல்லது. நேற்று ஏசிய வாய் இன்று எந்தக் கூச்சமும் இல்லாமல் புகழ்ந்தது. மதுக்கடைப் பக்கம் மட்டும் கொஞ்ச நாள் போகவில்லை. மற்றப்படி சோக், மிதி, ஸ்பானர் தட்டு எல்லாம் பழையபடியே. டிக்கியும் அதே அளவு. ஒரு சூட்கேஸ் வைத்தால் மூடாது. அதைச் சொன்னால், "ஒரு மனிசருக்கு இவ்வளவு இடம் காணாதோ?" என்று கேட்பார்.

அந்தக் காரில்தான் என் அக்காவைக் கூட்டிவரப் போனார். திரும்பவும் கேட்டேன். திரும்பவும் அதே ரெண்டு சீட், அதே சனம், அதே செம்பு. நான் வாசலில் நின்றேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் எங்கள் தெருவுக்குள் மஞ்சள் விளக்கு எரிய ஒரு பெரிய லொறி வந்தது. பழுதான கார்களை ஏற்றி வருகிற லொறி. முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில், உயரத்தில், மடியில் சூட்கேஸோடு அக்கா. அக்காவுக்குப் பக்கத்தில் குனிந்த தலையோடு என் கணவர். அக்கா இறங்கி வந்து என்னைக் கட்டிப்பிடித்து, லொறியைத் திரும்பிப் பார்த்துச் சொன்னா:

"உங்கட வாகனம் நல்ல பெரிசு பிள்ளை. ஆனா பின்னுக்கு ஏன் அந்தச் சின்னச் சாமானைக் கட்டி வைச்சிருக்கிறியள்?"

நான் சிரித்த சிரிப்பில் செம்புத் தண்ணீர் முழுக்க என் காலில்தான் ஊற்றுப்பட்டது. ஆனால் அன்றிரவு எனக்கு ஆத்திரமும் வந்தது. ரெண்டு சீட்டில் ஒன்று வருகிற ஆளுக்கு, மற்றது ஓட்டுகிற ஆளுக்கு. கணக்கு அவ்வளவுதான். என் ஆட்களை நான் போய்க் கூட்டிவரவேண்டுமென்றால் ஓட்டுகிற ஆள் நானாக இருக்கவேண்டும்.

பக்கத்துத் தெருவில் ஒரு குஜராத்திப் பெண் கார் ஓட்டப் பழக்கினா. வேலையில் ஷிப்ட் முடிந்து வந்து அவவிடம் பழகினேன். முதல் சோதனையில் தவறி, இரண்டாவதில் பாஸ் பண்ணினேன். என் கணவர் நல்ல மனிதர், சந்தோசப்பட்டார். "ஆனா என்ர கார் உமக்கு ஸ்டார்ட் வராது," என்றும் சொன்னார். அது உண்மை. நான் சோக்கை இழுத்து, மிதித்து, திறப்பைத் திருப்பித் திருப்பிப் பார்க்க, அவர் தேத்தண்ணிக் கோப்பையோடு ஜன்னலில் நின்று புன்னகைத்தார். லைசென்ஸ் அலுமாரிக்குள் கிடந்தது.

லொறிக் கதை வெம்பிளியிலிருந்து லண்டனின் மறுகோடியில் இருக்கிற ஃபாரஸ்ட் கேட் வரை போய்விட்டதால் ரப்பர் கார் அதிக காலம் தங்கவில்லை. தொண்ணூறுகள் தொடங்கியிருந்தன. ஜப்பான் கார் வந்தது. விளக்குகள் மூடிக் கிடக்கும், வேண்டும்போது கண் திறக்கும். கூரையை ஒரு கையால் மடிக்கலாம். ஹீட்டரில் சூடு வந்தது. தரையில் எண்ணெய் சொட்டவில்லை. அவர் மூன்று மாதம் ஓட்டிவிட்டுக் கவலையோடு சொன்னார்: "எல்லாம் இருக்கு. உயிர்தான் இல்லை. பழசில மனிசனுக்கு ஒரு வேலை இருந்தது." எனக்கு விளங்கியது. இந்தக் காருக்கு அவர் தேவைப்படவில்லை. திறப்பைத் திருப்பினால் ஸ்டார்ட் வரும், யார் திருப்பினாலும் வரும். மூன்று தலைமுறைக் கார்களையும் ஒப்பிட்டு அவர் வருசக்கணக்காகப் பேசியதற்கு என் முடிவு இந்த ஒரு வரிதான்.

அப்பா ஊரிலேயே காலமாகிவிட்டார். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்து சேர்ந்த அம்மாவுக்கு ஒருவழியாக விசா கிடைத்தது. வரும் நாளன்று காலையில் என் கணவர் ஓட்டும்போது போடுகிற தோல் கையுறையை மாட்டிக்கொண்டு படியிறங்கி வந்தார். கார்த் திறப்பு என் கையில் இருந்தது.

"நானும் வாறன்," என்றார்.

"நீங்கள் எப்பிடி வாறது? ரெண்டு சீட் தானே."

"வரேக்க நான் ரெயினில…"

"மாமி காரில வர, மருமகன் ரெயினில வாறதோ? சனம் என்ன சொல்லும்? அதோட, பூட்டின வீட்டுக்கு அம்மா வரக்கூடாது. வாசலில ஆள் நிக்கவேணும்."

செம்பை அவர் கையில் கொடுத்தேன். கையுறையைக் கழற்றாமலே வாங்கிக்கொண்டார்.

ஹீத்ரோவில் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மலைபோலச் சூட்கேஸ் அடுக்கிய வண்டிகளைத் தள்ளிக்கொண்டு சனம் வந்தபடி இருந்தது. கடைசியில் அம்மா வந்தா. மெலிந்து, யாருடையதோ பெரிய கம்பளிச்சட்டைக்குள். கதவு தாண்டியதும் நின்று, பயந்த கண்ணோடு இடமும் வலமும் பார்த்தா. பிறகு என்னைக் கண்டா. அந்த முகம் மாறியதை நான் கண்டேன். அத்தனை வருசமாக நான் கேட்டது அதைத்தான்.

வழி முழுக்க அம்மா என் கையைப் பார்த்துக்கொண்டே வந்தா. "நீயோ கார் ஓடுறாய்?" என்று ரெண்டு தரம் கேட்டா. "ஓம் அம்மா," என்றேன்.

வீட்டு வாசலில் என் கணவர் செம்போடு நின்றார். கையுறை நனைந்திருந்தது. அம்மாவின் காலுக்குக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, வாங்கோ மாமி என்று கும்பிட்டு, சாமான் இறக்கப் போய் டிக்கியைத் திறந்தார். உள்ளே ஒரு சின்ன ரெக்ஸின் பை கிடந்தது. எட்டிப் பார்த்தார், சீட்டுக்குப் பின்னாலும் பார்த்தார்.

"மற்றச் சாமான் பிறகு வருதோ மாமி?"

"மற்றச் சாமான் எண்டு ஒண்டும் இல்லைத் தம்பி. வீடே இல்லை."

அவர் டிக்கியின் மூடியைப் பிடித்தபடி நின்றார். எந்தக் காரிலும் அந்த டிக்கிக்குள் ஒன்றும் அடங்காது என்று ஏசி வந்தவள் நான். அம்மாவின் வீடு அதற்குள் அடங்கி, பாதி இடம் மிச்சம் இருந்தது. ஒரு மனிசருக்கு இவ்வளவு இடம் காணாதோ என்று அன்று அவர் கேட்கவில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு மூடியைச் சாத்தினேன்.