டப்பாக்காவின் ஆறாவது குழாய்

எங்கள் ஆய்வகத்தில் அவரை டப்பாக்கா என்றுதான் கூப்பிடுவோம். சிறுநீர்ப்பைப் புற்றுநோயைச் சிறுநீரிலேயே கண்டுபிடிக்க ஒரு சோதனையை உருவாக்கிக்கொண்டிருந்தோம். நோயாளிகளிடம் மூடிபோட்ட டப்பாவைக் கொடுத்து வாங்கி, அதில் எண் எழுதி வைப்பது பதினொரு வருடமாக அவர் வேலை. "ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் டாக்டர்கிட்ட ஓடணும், சொல்லிட்டேன்!" என்று ஆளுக்கொரு தடவை மிரட்டியும் அனுப்புவார்.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் சிறுநீரும் வேண்டும். அதற்கு ஆள் தேட எங்களுக்குச் சோம்பல். அந்தப் பதினொரு வருடமும் டப்பாக்கா தினமும் தன்னுடையதையே கொண்டுவந்து வைத்துவிடுவார். அதில் மட்டும் எண் இருக்காது.

அன்று நிதிக்குழுவிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். ஆராய்ச்சிக்குத் தொடர்ந்து பணம் உண்டா, இல்லை கடையைக் கட்ட வேண்டியதுதானா என்பது அவர்கள் கையில். கண்முன்னால் செய்து காட்டச் சொன்னார்கள். ஆறு குழாய்கள். ஐந்து நோயாளிகளுடையவை, ஆறாவது டப்பாக்காவுடையது. நோய் இருந்தால் நீலமாகும்.

ஐந்தும் நீலமாயின. பேராசிரியருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பிறகு ஆறாவதும் மெல்ல நீலமானது.

குழுவின் தலைவி பேனாவை மூடினார். "நல்லா இருக்கறவங்களுக்கே நோய்னு சொல்ற சோதனைக்கா பணம் கேக்கறீங்க?"

பேராசிரியர் டப்பாக்காவின் காதருகே குனிந்தார். "குழாய் மாறிடுச்சுன்னு சொல்லிடுங்கம்மா." அந்த மனுஷன் மேல் எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை. ஆனால் நானும் அதே பொய்யைத்தான் வேண்டிக்கொண்டு நின்றேன்.

டப்பாக்கா கையுறையைக் கழற்றினார்.

"எதுவும் மாறலைங்க. ஆறாவது என்னோடது. போன மாசம் ரெண்டு தடவை ரத்தம் வந்துச்சு. நீங்க வந்துட்டுப் போனப்புறம் பாத்துக்கலாம்னு இருந்துட்டேன்."

"அப்ப எதுக்கு இதைக் கொண்டுவந்தீங்க?" என்றார் தலைவி.

"பழக்கம்ங்க. காலைல கை தானா டப்பாவ எடுத்துடுச்சு."

ஊருக்கெல்லாம் சொன்ன வாய்! அங்கேயே அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது, கட்டிக்கொண்டு அழவும் வேண்டும்போல் இருந்தது.

நான்காம் நாள் மருத்துவர்கள் அவர் சிறுநீர்ப்பைக்குள் கருவி விட்டுப் பார்த்தார்கள். சின்னக் கட்டி, ஆரம்ப நிலை. எங்கள் சோதனை சொன்னது சரிதான். பணம் ஒதுக்கிய கடிதம் அடுத்த வாரம் வந்தது. இனி ஊழியர்களின் சிறுநீரை ஒப்பிடப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனையும் இருந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்த அவரிடம் அதைக் காட்டினேன். "பாத்தியா, பதினொரு வருஷ உத்தியோகத்தப் புடுங்கிட்டாங்க" என்று சிரித்தார். பிறகு கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, "எனக்கு என்ன நம்பர்டி போட்டிருக்கீங்க?" என்றார்.

நானூற்றுப் பன்னிரண்டு. நான்தான் எழுதினேன். கடிதத்தை இன்னும் சிறிதாக மடித்துக்கொண்டிருந்தேன்.