ஆர்ப்பாட்டத்தில் பேசிய பரோட்டா மாஸ்டர்

ராஜபாளையத்தில் மாமா நடத்தும் ஹோட்டலில் கல்லாவில் உட்காருவது என் வேலை. எங்கள் பரோட்டா மாஸ்டர் ஒடிசாக்காரர். ஷவர்மா போடுகிறவருக்கு வத்திராயிருப்பு; குவைத்தில் பல வருஷம் இருந்து தொழில் கற்று வந்தவர். நம்மூர்ச் சாப்பாட்டை ஒடிசாக்காரர் செய்தார், அரபுச் சாப்பாட்டை வத்திராயிருப்புக்காரர் செய்தார். இதில் விசித்திரம் இருப்பதாக எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

போன வருஷம், வெளி மாநிலத்தாருக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று சிலர் கிளம்பினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆர்ப்பாட்டம். அவர்களுடைய தலைவர் எங்கள் வாடிக்கையாளர். ஏசி அறைக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவர், மாஸ்டரின் முகத்தைப் பார்த்ததில்லை. வருகிற கூட்டத்துக்குப் பார்சல் எங்களிடமே சொன்னார்.

"வழக்கமா போடுத மாஸ்டர்தான் போடணும். ஆள மாத்திராதிய."

மாமா தலையை ஆட்டினார்.

அன்றைக்குப் பார்சலோடு லோடு ஆட்டோவில் நானும் மாஸ்டரும் போனோம். "உழைக்கும் எங்களுக்கு உரிமை கொடு!" என்று கோஷம் எழுந்தது. மாஸ்டருக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. பேனரில் இருந்தது அவருக்குப் புரியவில்லை.

"அக்கா, வேல செய்றவங்களுக்கா இந்தக் கூட்டம்?"

என்ன சொல்வதென்று நான் யோசிப்பதற்குள் முன்வரிசைக்குப் போய்விட்டார். அத்தனை பேர் குரலையும் அமுக்கிக்கொண்டு அவர் குரல் கேட்டது. தலைவர் பூரித்துப்போய் மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்.

மாஸ்டர் தமிழ் கற்றது மாமாவின் திட்டுகளிலிருந்து.

"ஏலே, எல்லாரும் கேளுங்கலே! ஞாயித்துக்கெழமையும் வேல, தீவாளிக்கும் வேல. மனுசனுக்கு லீவு வேண்டாமாலே?"

விசில் பறந்தது. "பாத்தியளா, நம்மூர்க்காரன் படுத பாட்ட!" என்றார் தலைவர். "லீவு கொடு! லீவு கொடு!" என்று கூட்டம் முழங்கியது.

"தம்பிக்கு எந்தப் பக்கம்? வ. புதுப்பட்டியா?" பார்சலைப் பிரித்து ஒரு வாய் போட்டுக்கொண்டே தலைவர் கேட்டார்.

"ஒடிசா. பரோட்டா மாஸ்டர். இன்னைக்கு சால்னா நல்லா இருக்கா அண்ணே?"

தலைவர் வாயில் பரோட்டா இருந்தது. மெல்லுவதா துப்புவதா என்று தெரியாமல் அப்படியே நின்றார். கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். கொடி பிடிக்க வந்திருந்த எங்கள் ஷவர்மாக்காரர்தான் முதலில் பேசினார்.

"குவைத்துல எனக்கும் லீவு கெடையாது. பாஸ்போர்ட்டையும் வாங்கி வச்சுக்கிட்டானுவ. இவரு கேக்கது நியாயந்தான?"

சாயங்காலம் தலைவர் கடைக்கு வந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது.

"மைக்குல கோரிக்கையா சொல்லியாச்சு. வீடியோவும் ஊரெல்லாம் சுத்துது. இனி பின்வாங்குனா அசிங்கம். அவருக்கு லீவு குடுத்துருங்க."

மாமா செவ்வாய்க்கிழமைகளை விட்டுக்கொடுத்தார்.

முதல் செவ்வாயன்று மாஸ்டர் மத்தியானம் வரை தூங்கினார். பிறகு அய்யனார் அருவிக்குப் போய்க் குளித்து, அங்கிருந்தே மனைவிக்கு வீடியோ கால் போட்டிருக்கிறார். வேலை நாளில் ஈரத்தலையோடு சிரித்துக்கொண்டு நின்ற புருஷனைப் பார்த்து அந்த அம்மாள் அழவே ஆரம்பித்துவிட்டாராம், வேலையிலிருந்து துரத்திவிட்டார்கள் என்று.