தொட்டில் கொக்கியில் ஆம்ப்ளிஃபையர்

அன்று மாலை மதினியின் தங்கை சென்னை வானொலியில் பாடவிருந்தாள். என் அண்ணனை மணந்து வண்டிப்பெரியாற்றுக்கு அருகே எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபின் மதினி அவளைப் பார்த்ததே இல்லை. கல்லூரி விடுமுறைக்கு நான் வந்திருந்த வீட்டில் அந்த வாரம் முழுவதும் இதைத் தவிர வேறு பேச்சில்லை.

தேயிலைத் தொழிற்சாலையில் மின்சாரப் பணி பார்த்த என் அண்ணன், காதில் மாட்டிக் கேட்கும் பழைய ரேடியோவோடு தானே கட்டிய ஆம்ப்ளிஃபையர் ஒன்றை இணைத்திருந்தான். வீட்டிலுள்ள எல்லோரும் சேர்ந்து கேட்கலாம் என்பது எண்ணம். ஆனால் அதன் முதல் வால்வு என்ற கண்ணாடிக் குழாய் அதிர்வைப் பொறுக்காது. கண்ணாடிக்குள் இருக்கும் மெல்லிய கம்பிகள் சற்றே நடுங்கினாலும், அந்த நடுக்கம் பாட்டோடு சேர்ந்து பெருகி, வெண்கலத் தாம்பாளத்தைத் தட்டியதுபோல் ஒலிக்கும். எங்கள் வீடோ தொழிற்சாலைச் சுவரை ஒட்டியது. இலை உருட்டும் ரோலர்கள் ஓடினால் எங்கள் தரையும் நடுங்கும்.

தோட்டத்தில் எதற்கும் முதல் மருந்து தேயிலைப் பெட்டிதான். அதில் அரிசி கொட்டிவைப்போம், அதன்மேல் உட்காருவோம், நான் அதைக் கவிழ்த்துப் படிப்பு மேசையாக்கியிருந்தேன். அண்ணனும் யோசிக்காமல் வெறும் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் ஆம்ப்ளிஃபையரை வைத்தான். மெல்லிய பலகை, உள்ளே ஈயத்தாள். மத்தளத்தின்மேல் வைத்ததற்கு ஒப்பாயிற்று. ஓசை முன்னினும் பெருகியது.

"பாடுதது ஆரு, உன் தங்கச்சியா, ரோலரா?" என்று அம்மா மதினியிடம் கேட்டாள்.

"ரோலருன்னா சுருதி வெலகாது அத்தே" என்றாள் மதினி.

பெட்டியை ஒதுக்கிவிட்டுத் தலையணையை வைத்தோம். ஆம்ப்ளிஃபையர் ஒரு பக்கம் சாய்ந்தது. சூடான வால்வு துணியைத் தொட்டுவிடுமோ என்று அஞ்சி எடுத்துவிட்டோம். கம்பளியை மடித்துப் போட்டபோது காலடி ஓசை நின்றது, ரோலரின் தாழ்ந்த முழக்கம் நிற்கவில்லை. சைக்கிள் டியூபை வெட்டி அடியில் வைத்ததும் முழக்கம் சற்றுத் தணிந்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. நாங்கள் வைத்தவை எல்லாம் தரையில்தானே நின்றன?

"தரையில வைக்காமலே இருந்தா என்ன?" என்று கேட்டு, விட்டத்துக் கொக்கியில் தொங்கிய தூளியைக் காட்டினேன். மதினியின் குழந்தை அதில் உறங்கிக்கொண்டிருந்தது.

அண்ணன் என்னைப் பார்த்தான். பிறகு கொக்கியைப் பார்த்தான். அடுத்த கணம் ஏணியைத் தூக்கிவந்தான்.

"பச்சப்பிள்ளய எறக்கிட்டு பொட்டியத் தாலாட்டப் போறியளா?" என்றாள் அம்மா. ஆனால் குழந்தையை முதலில் எடுத்து மடியில் போட்டுக்கொண்டவள் அவள்தான்.

பலகை ஒன்றின் நான்கு மூலைகளிலும் டியூப் வார்களைக் கட்டிக் கொக்கியில் தொங்கவிட்டு, அதன்மேல் ஆம்ப்ளிஃபையரை வைத்தோம். முழக்கம் குறைந்ததே தவிர, முற்றும் ஓயவில்லை. கீழே இருந்த பேட்டரியிலிருந்து ஏறிய கம்பிகளை நான் விரலால் தொட்டுப் பார்த்தேன். அவை விறைத்து நின்று நடுங்கின. தரை அந்த வழியாக ஏறிக்கொண்டிருந்தது. அண்ணன் அவற்றை நீளமாக்கித் தளரத் தொங்கவிட்டான். ஒலிபெருக்கியை அடுத்த அறை வாசலுக்கு நகர்த்தினோம்.

ரோலர்கள் ஓடிக்கொண்டே இருந்தன. ஆம்ப்ளிஃபையரில் ஒரு முனகலும் இல்லை.

அறிவிப்பாளர் பேசத் தொடங்கியபோது திடீரென்று தாம்பாளம் ஒலித்தது. திரும்பிப் பார்த்தோம். மதினியின் கை, தன்னையறியாமல், பலகையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தது.

"அது தூங்காதுட்டி, விடு" என்றாள் அம்மா. மதினி நாணிக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

தம்புராவின் ஒலி தெளிவாக வந்தது. அது நிலைபெற்றபின், பாட்டுக்கு முன்னால், யாரோ மிக மெதுவாகக் கனைத்தார்கள். கம்பளியோ டியூபோ மட்டும் இருந்திருந்தால் அந்தக் கனைப்பு எங்களை எட்டியிருக்காது.

"அவதான்" என்றாள் மதினி. "பாடத் தொடங்கையில எப்பவும் இப்பிடித்தான் கனைப்பா."

பிறகு பாட்டு தொடங்கிற்று. மதினி ஒலிபெருக்கியின் முன்னால் தரையில் அமர்ந்து, இராகம் மாறும் இடங்களில் தலையசைத்து, ஓரிடத்தில் மட்டும் தனக்குள் சொல்லிக்கொண்டாள்:

"மெலிஞ்சிருக்கா."