கொதிக்க வைக்காத நீலச் சேலை

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. சுங்கை ரோட்டில் வாங்கிய எந்தத் துணியும் அண்டாவில் கொதிக்காமல் உடம்பில் ஏறக் கூடாது. சட்டம் போட்டவள் அம்மா. மீறியவள் நான், அதுவும் ஒரே ஒரு தடவை. அந்த ஒரு தடவைதான் அம்மாவைப் படுக்கையில் தள்ளியது என்று பல மாதங்கள் நம்பிக்கொண்டு திரிந்தேன்.

அப்போது நாங்கள் சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கடைவீட்டு மேல்மாடியில் ஓர் அறையில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான், மூன்றே பேர். சமையலறை பின்பக்கம், ஐந்து குடும்பத்துக்கும் பொது. அப்பா அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவர். சதா இருமிக்கொண்டே இருப்பார். கேட்டால், "ஈயத்தூள், வேற என்ன" என்பார். நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் முதல் வருஷம். பள்ளிக்கூடச் சீருடை போய், தினம் ஒரு சேலை கட்ட வேண்டிய காலம் வந்துவிட்டது. என்னிடம் இருந்தது மூன்று சேலை. கூடப் படித்த பெண்களோ வாரம் ஒரு தினுசாக வந்து நின்றார்கள். எனக்கு வயிறு எரியும். பொய் சொல்வானேன்?

அதனால்தான் சுங்கை ரோடு. கால்வாய் ஓரம் பாயையும் தார்ப்பாலினையும் விரித்து, உடைந்த கடிகாரம் முதல் ராணுவ பூட்ஸ் வரை பரப்பி வைத்திருப்பார்கள். வெள்ளைக்காரக் குடும்பங்கள் கப்பல் ஏறும்போது கழித்துவிட்டுப் போன துணிகளும் அங்கேதான் வந்து சேரும். அம்மாவுக்குக் கண் கூர்மை. பூப்போட்ட ஒரு கவுனைத் தூக்கிப் பிடித்து, "இதோட பாவாடையில உனக்கு ரெண்டு ரவிக்கை வரும்டி" என்பாள். பாயில் உட்கார்ந்திருக்கும் சீனக் கிழவியிடம் மலாயில் பேரம் நடக்கும். விலை அதிகம் என்று சொல்ல, "மஹால், மஹால்" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு நான்கு எட்டு நடப்பாள். கிழவி கூப்பிடுவாள். ஒவ்வொரு தடவையும் கூப்பிடுவாள்.

வீட்டுக்கு வந்ததும் அண்டா அடுப்பில் ஏறும். சலவைச் சோடா, ஒரு கைப்பிடி வேப்பிலை. "எவ கட்டினதோ, என்ன நோவோ" என்று முணுமுணுத்துக்கொண்டே அம்மா கம்பால் புரட்டுவாள். பக்கத்து அடுப்பில் எங்கள் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். பிறகு மூங்கில் கழியில் கோத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டினால், சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். கல்லூரியில் யாராவது "எந்த டெய்லர்?" என்று கேட்டால், ஹை ஸ்ட்ரீட் பெரிய கடை என்று வாய் கூசாமல் சொல்வேன்.

நீலச் சேலை கிடைத்த அன்று நான் தனியாகப் போயிருந்தேன். போருக்கு முந்தைய ஜார்ஜெட். மெல்லிய வெள்ளி ஜரிகைக் கரை, ஓரிரண்டு இடத்தில் கறுத்திருந்தது. கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. பேரம் பேச மறந்து வாங்கிவிட்டேன். வழியெல்லாம் ஒரே கவலை. இதைக் கொதிக்கப் போட்டால் சுருண்டு கைக்குட்டை ஆகிவிடுமே!

அம்மா தேக்கா சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பச்சைத் தண்ணீரில் பூந்திக்கொட்டை நுரையில் அலசி உலர்த்தினேன். திரும்பி வந்தவளிடம், "கொதிக்க வச்சிட்டேம்மா" என்றேன். அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சேலையை எடுத்தாள். விரித்தாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "எந்த மகராசி கட்டினதோ" என்றாள். அவள் அதுவரை பளிச்சென்று எதுவும் கட்டி நான் பார்த்ததில்லை. அந்த வெள்ளிக்கிழமை அதைக் கட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்தாள். எனக்கு வாங்கிய சேலையை அம்மா எடுத்துக்கொண்டாளே என்று உள்ளுக்குள் புகைந்தேன். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

நான்கு மாதம் கழித்து, அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்த அம்மா இருமினாள். முன்தினமும் இருமியிருந்தாள், அதற்கு முந்தின வாரமும். இந்த முறை வாயைத் துடைத்த முந்தானையில் ரத்தம். ஆஸ்பத்திரியில் நெஞ்சுப் படம் எடுத்து, டி.பி. என்று சொல்லி, அன்றைக்கே படுக்கை கொடுத்துவிட்டார்கள்.

அன்று மத்தியானம் அப்பா என் பெட்டியைத் திறந்தார். "எவ செத்தாளோ, அவ துணியெல்லாம் வீட்டுக்குள்ள கொண்டாந்து அடுக்கியிருக்கா! மினுக்கணும், இல்ல?" என்று கத்திக்கொண்டே ரவிக்கை, பாவாடை எல்லாவற்றையும் சாக்கில் திணித்தார். பின்சந்தில் ஒரு தகர டிரம்மில் போட்டு எரித்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். விசாரிக்க வந்த ஒவ்வொருவரிடமும், "மக வாங்கின சந்தைத் துணியால வந்தது" என்றே சொன்னார். அப்பாவோடு பிறந்த அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள். நான் வாயே திறக்கவில்லை. கொதிக்க வைக்காததைத் தெரிந்து வைத்திருந்தவள் நான் ஒருத்திதானே.

நீலச் சேலை மட்டும் தப்பித்தது. கரை பிரிந்த இடத்தைத் தைத்துத் தரச் சொல்லி அம்மா கொடுத்திருந்தாள், ஊசி நூலோடு அது என் கல்லூரிப் பையில் கிடந்தது. அதைச் செய்தித்தாளில் சுற்றி, சமையலறையில் கரி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். ஏன் எரிக்கவில்லை? பல காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அழகாக இருந்தது. அவ்வளவுதான் உண்மை.

அதன் பிறகு சமையல் என் தலையில் விழுந்தது. விடியற்காலையில் எழுந்து அப்பாவுக்கும் எனக்கும் பொங்கி, கல்லூரிக்கு ஓடி, திரும்பி வந்து அம்மாவுக்கு ஆட்டெலும்பு சூப்போ மிளகு ரசமோ வைத்து, தூக்குச்சட்டியில் ஊற்றிக்கொண்டு பஸ் ஏறுவேன். பஸ் குலுங்கினால் ரசம் சிந்தும். என் மடியெல்லாம் பெருங்காய வாசம். புதுத் துணி எதுவும் வாங்கவில்லை. மூன்று சேலையையே மாற்றி மாற்றிக் கட்டினேன். எனக்கு அதுவே அதிகம் என்று தோன்றும்.

அம்மா படுத்துக்கொண்டே என் சமையலுக்கு மார்க் போடுவாள். ஒரு வாய் குடித்ததும், "புளி பச்சையா இருக்கு, பஸ்ஸுக்கு அவசரமா?" என்பாள். இன்னொரு நாள், "இன்னைக்குக் கோவத்தோட தட்டியிருக்கே. மிளகு முழுசா கெடக்கு பாரு." நான் "ஆமா, உங்களுக்கு ருசி ஒண்ணுதான் கொறைச்சல்" என்று வெடுக்கென்று சொல்வேன். அவள் சிரிப்பாள், சிரிப்பு இருமலில் போய் முடியும். தூக்குச்சட்டியை மூடிக்கொண்டு நான் வராந்தாவில் போய் அழுவேன்.

கல்லூரியில் மாணவர்கள் எல்லாருக்கும் நெஞ்சுப் படம் எடுத்தார்கள். எனக்கு ஒன்றுமில்லை என்று வந்தது. அந்தத் துணிகளை நாள் தவறாமல் உடுத்தியவள் நான். எனக்கு ஒன்றுமில்லை என்றால் எப்படி? அதைக்கூட நான் யோசிக்கவில்லை. தப்பித்துவிட்டோமே என்று இன்னும் கொஞ்சம் வெட்கப்பட்டேன்.

ஒரு சனிக்கிழமை பொறுக்க முடியாமல் போட்டு உடைத்தேன். "அம்மா, அந்த நீலச் சேலைய நான் கொதிக்க வைக்கவே இல்ல. பொய் சொன்னேன். என்னாலதான் உங்களுக்கு இப்படி ஆச்சு."

அம்மா என்னையே பார்த்தாள். "தெரியும்டி" என்றாள். "கொதிச்ச சேலையில பாச்சை உருண்டை வாசம் எப்படி இருக்கும்? தெரிஞ்சுதான் கட்டினேன். ஆசையா இருந்துச்சு."

பக்கத்துக் கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருந்த தமிழ் நர்ஸ் திரும்பினார். கழுத்தில் சின்னச் சிலுவை போட்டிருந்த நடுத்தர வயதுக்காரர். "யார் சொன்னா துணியில வரும்னு? இது மூச்சுல பரவுறது. இருமுறவங்க பக்கத்துல இருந்தா வரும். வீட்டுல யாரு இருமுறாங்க?" என்று கேட்டார்.

அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அப்பாவின் இருமல் நினைவுக்கு வந்தது. ஈயத்தூள். கட்டிலுக்கு அடியில் சாம்பல் போட்டு வைத்திருந்த பால் டின். தினம் அப்பா அதில் துப்புவார், அம்மா கழுவி வைப்பாள். அந்த இருமலோடே வளர்ந்ததால் அது என் காதில் விழுவதே நின்று போயிருந்தது.

நர்ஸ் நகர்ந்ததும் அம்மா மெல்லச் சொன்னாள். "அவரு துப்புற டின்னுல ரெண்டு வருஷமா செகப்பு பாத்தவ நான். அச்சகத்துல தெரிஞ்சா அவர நிறுத்திடுவாங்க. அவரு நின்னா நீ படிப்ப விட்டுட்டு எங்கயாச்சும் வேலைக்குப் போவே. அதான், ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கிட்டோம்."

எனக்கு வந்த கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது. "அதுக்காக நான் பெத்த தாயக் கொல்லப் பாத்தவளா திரியணுமா? அவரு என் துணிய எரிச்சாரே, ஊரெல்லாம் சொன்னாரே, நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்களா?" வார்டே திரும்பிப் பார்த்தது. அம்மா அழுதாள். "அவரு பழிய உன் மேல போட்டது எனக்கு இங்க வந்தப்புறம்தான் தெரியும். தெரிஞ்சும் பேசாம இருந்தேன், தப்புதான்" என்றாள். பிறகு என் கையைப் பிடித்து, "அந்தச் சேலை இருக்கா?" என்று கேட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அப்பா வருகிற நாள். நான் முன்னாலேயே போய், கரித்தூள் தட்டிய நீலச் சேலையை அம்மாவுக்குச் சுற்றிவிட்டேன். ஆஸ்பத்திரிச் சட்டைக்கு மேலே, படுக்கையில் சாய்ந்தபடியே. இளைத்த உடம்பில் அது இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றியது. அப்பா ஆரஞ்சுப் பழப் பொட்டலத்தோடு வந்தார். கட்டிலின் கால்மாட்டில் அப்படியே நின்றுவிட்டார்.

"தொட்டுப் பாருங்க" என்றாள் அம்மா.

அவர் தொடவில்லை.

"தொட மாட்டீங்க. பயத்தால இல்ல, வெக்கத்தால. இதுல நோவு இல்லன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். புள்ள மேல போட்டத எடுத்துக்குங்க. நாளைக்கே போய் நெஞ்சுப் படம் எடுங்க. போதும்லா, மறைச்சது போதும்."

அப்பா பழங்களை மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஆனால் மறுநாள் போய்ப் படம் எடுத்தார். இரண்டு பக்கமும் புண். அச்சக முதலாளி அவரை நிறுத்தவில்லை. ஆறு மாதம் லீவு கொடுத்து, குணமானதும் வா என்றார், அவ்வளவுதான். இதற்கா இரண்டு வருஷம் மறைத்தார்கள் என்று நான் சுவரில் தலையை முட்டிக்கொள்ளாத குறை. ஊசியும் மாத்திரையும் அப்பாவைத் தூக்கி நிறுத்தின. அம்மாவுக்கு அவை வேலை செய்யவில்லை. அந்த வருஷம் முடிவதற்குள், நான் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்த ஒரு நாள் சாயங்காலம், ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது.

கடைவீட்டின் கீழ்த்தளத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்தோம். அத்தை சிவப்பில் புதுச் சேலை ஒன்றை வாங்கி, ஓரத்தில் மஞ்சள் தடவி எடுத்து வந்திருந்தாள். சுமங்கலியாகப் போனவளுக்குக் கோடிதான் உடுத்த வேண்டும். பெண்கள் சுற்றி நின்றார்கள். சுவரோரம் நின்ற அப்பா, "அது வேணாம்" என்றார். "அந்த நீலத்தக் கட்டுங்க."

"என்னண்ணே பேசுறீங்க?" என்றாள் அத்தை. "எவளோ கட்டின பழசையா கட்டி அனுப்புறது? அதுதானே அண்ணிய வாரிட்டுப் போச்சு? நீங்கதானே சொன்னீங்க?"

"பொய் சொன்னேன்." அப்பாவின் குரல் உயரவில்லை. ஆனால் அங்கிருந்த எல்லாருக்கும் கேட்டது. "நோவு எங்கிட்டேருந்து வந்துச்சு. அவளுக்குக் குடுத்தது நான். சேலை ஒண்ணும் பண்ணல. எம்மக ஒண்ணும் பண்ணல."

நான் மேலே போய்ச் சேலையை எடுத்து வந்தேன். அதிலிருந்து பாச்சை உருண்டை வாசம் இன்னும் முழுசாகப் போகவில்லை. அத்தை மூக்கைச் சுளித்து விலகினாள். அப்பா கையை நீட்டி அதை என்னிடமிருந்து வாங்கினார். வாங்கி, முகத்தில் புதைத்துக்கொண்டு, குலுங்கக் குலுங்க அழுதார். அவரை அதற்கு மேல் வெறுக்க எனக்குத் தெரியவில்லை. அவர் கையிலிருந்து சேலையை மெல்ல எடுத்து, அம்மாவுக்கு நானே கட்டிவிட்டேன்.