கரட்டில் மேய வேண்டிய ஆடுகள்

விதி தெளிவாகவே இருக்கிறது: தலைமுறையாக மேய்ந்துவரும் மந்தையை வெளியேற்றுமுன், உரிமையாளரின் மனுவை வன அலுவலர் விசாரித்தாக வேண்டும். அந்த மனு அவர் மேசைக்குப் போகாதபடி எழுதியவன் நான். தெரியாமல் அல்ல... தெரிந்தே!

செல்லையாவிடம் இருந்தவை வெம்பூர் இன ஆடுகள். வெள்ளை உடம்பில் செம்பொட்டு. இப்போது காண்பதே அபூர்வம். வேறு ஆடு பட்டினி கிடக்கும் முள்ளும் பாறையுமான கரட்டில் வயிறு நிரம்ப மேய்பவை. கரட்டைச் சுற்றி வனத்துறை வேலி போட்டதும், அவற்றை உப்பளத்து ஓரம் ஓட்டிவந்து, முத்தையாபுரத்தில் என் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"பாறைல நடந்த குளம்பு அண்ணாச்சி. இந்த உப்புச் சகதில அழுவிப் போவும். ஒரு மனு எழுதித் தாங்க."

ஏன் மறுக்கவில்லை என்கிறீர்களா? மறுத்திருந்தால் வேறு எவனாவது சரியாக எழுதியிருப்பான்.

என் மகளைப் பெண் கேட்க வந்தவர்கள் டீக்கடையில் விசாரித்தபோது, அவளுக்கு வலிப்பு வரும் என்று சொன்னவன் இந்தச் செல்லையாதான். கைக்குழந்தையாக இருந்தபோது, காய்ச்சலில், ஒரே ஒரு தடவை வந்தது! வந்தவர்கள் அப்படியே திரும்பிப் போனார்கள். பிறகு யாரும் வரவில்லை.

நான் எழுதிக்கொண்டிருக்கையில் மகள் அவனுக்கு மோர் கொண்டுவந்தாள். குடித்து முடித்துக் கேட்டான்:

"பாப்பாவுக்கு இன்னும் எடம் அமையலியா அண்ணாச்சி?"

டீக்கடையில் சொன்னதையே மறந்திருந்தான்.

பெறுநர் என்ற இடத்தில், நான் வேலை பார்த்த கால்நடை அலுவலகத்தை எழுதினேன். சம்பந்தமில்லாத மனு அங்கே எந்த அலமாரியில் தூங்கும் என்று எனக்குத் தெரியும். தூங்கவைத்தே சம்பளம் வாங்கியவன்.

மழை பிடித்தது. ஆடுகள் நொண்டின. பதில் வந்ததா என்று அவன் கேட்டபோதெல்லாம், "நடைமுறைன்னா நாளாகும்லே" என்றேன். ஒவ்வொரு தடவையும் நாக்கில் இனித்தது.

தீபாவளிக்கு முந்தின எட்டயபுரம் சந்தையில் மந்தை முழுவதையும் கறிக்கு விற்றான். கிடாவின் கயிற்றை மட்டும் வெகுநேரம் விடாமல் நின்றானாம். கேட்டு மகிழ்ந்தேனா? மகிழ்ந்தேன். ஆனால் அந்த ஆடுகள் யார் கல்யாணத்தைக் கெடுத்தன...?

மகளிடம் இன்னும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

கால்நடை அலுவலகத்தில் யாரோ ஒரு புது எழுத்தர், என்னைப் போலன்றி, மனுவை வன அலுவலருக்கே அனுப்பிவைத்திருக்கிறார். வெம்பூர் மந்தை கரட்டில் மேயலாம் என்று அனுமதி! படித்துச் சொல்லும்படி செல்லையா அந்தக் கடிதத்தை என்னிடமே நீட்டினான். படித்தேன்.

பதில் வந்தது, தீபாவளி கழிந்து தபால் ஆபீஸ் திறந்த முதல் நாள்.