பெரிய வெள்ளியன்று குடித்த தண்ணீர்

தொண்ணூறுகளின் கடைசியில், நான் ஆம்பூரில் பள்ளி ஆசிரியையாக இருந்தபோது நடந்தது இது. பெரிய வெள்ளியன்று எங்கள் சபையில் நண்பகல் முதல் மூன்று மணி வரை ஆராதனை நடக்கும். இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேர் ஆளுக்கொன்றாக எடுத்துப் பேசுவோம். அது முடியும்வரை பலர் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவிட மாட்டார்கள். அந்த வருடம் எனக்குக் கிடைத்தது நான்காம் வார்த்தை. ஏன் என்னைக் கைவிட்டீர் என்று இயேசு கடவுளைக் கேட்டாரே, அது.

பேச ஒப்புக்கொண்டபோது வீட்டில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அதன்பிறகு, ஷூ கம்பெனியில் வேலை பார்த்த என் கணவருக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கண்ணே திறக்கவில்லை. பிழைப்பாரா என்று கேட்டால் டாக்டர், "பார்க்கலாம்மா" என்றார். நானும் முழங்கால் தேய ஜெபித்துப் பார்த்தேன். தேவன் உண்மையுள்ளவர், கலங்காதே என்று ஆறுதல் சொல்ல வந்தவர்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வந்தது. அவர்கள் வீட்டுக்காரர்கள் எல்லாம் காலையில் எழுந்து காப்பி கேட்கிறார்களே!

ஆயர் வந்து, "வேற யாரையாச்சும் பேசச் சொல்லிட்றேம்மா" என்றார். நான் விடவில்லை. கோபம்தான். அந்தக் கேள்வியைக் கேட்க அன்று என்னைவிடப் பொருத்தமான ஆள் யார்? கணவரோடு வேலை பார்த்த பாய் ஒருவர் ஆஸ்பத்திரியில் வந்து உட்கார்ந்துகொண்டார். "நீ போய்ட்டு வா தங்கச்சி. தோஸ்த்த நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பிவைத்தார். வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு ஆம்பூருக்கு பஸ் ஏறினேன்.

என் முறை வந்தது. வசனத்தை வாசித்தேன். எழுதி வைத்திருந்த பிரசங்கத்தில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை. "எனக்குத் தெரியல. நானும் இதத்தான் கேட்டுட்டு இருக்கேன்" என்றேன். அதோடு நிறுத்திவிட்டேன். இறங்கிப் போகவும் கால் வரவில்லை.

அடுத்து, தாகமாயிருக்கிறேன் என்று இயேசு சொன்ன ஐந்தாம் வார்த்தை. அதற்குப் பேச வேண்டியவர் ஓர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். மைக் கிடைத்தால் உடும்புப்பிடி. அவர் எழுந்தாலே பிள்ளைகள் பெருமூச்சு விடும். சர்க்கரை வியாதிக்காரர் என்பதால் எங்கே போனாலும் பையில் தண்ணீர் பாட்டில் வைத்திருப்பார். நான் நிற்கும் இடத்துக்கு வந்து, மூடியைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

"குடிங்க டீச்சர்."

உபவாச நாள், பீடத்துக்கு முன்னால், அத்தனை பேர் பார்க்க எப்படிக் குடிப்பது? தயங்கினேன். "பரவால்ல, குடிங்க" என்றார். அழுதுகொண்டே பாட்டில் முழுவதையும் குடித்துவிட்டேன்.

அவர் மைக்கைப் பிடித்தார். "அன்னிக்கி சிலுவையில தாகம்னு கேட்டவருக்குப் புளிச்ச காடிதான் குடுத்தாங்க. இன்னிக்கி நம்ம கையில தண்ணி இருந்துச்சி. இதுக்கு மேல நான் இன்னா பேசறது?" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் அவ்வளவு சுருக்கமாகப் பேசி நாங்கள் கேட்டதே இல்லை. முன்வரிசைப் பெண்கள் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார்கள். ஆராதனை முடியும்வரை என் கையை அவர்கள் விடவில்லை.

மாலையில் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினால், அற்புதம் ஒன்றும் நடந்திருக்கவில்லை. கணவர் அப்படியேதான் கிடந்தார். ஈஸ்டர் போய்ப் பல நாட்கள் கழித்துத்தான் கண் விழித்தார். ஒரு காது கேட்காமலே போய்விட்டது, இன்னொன்றும் மந்தம். இன்றும் அவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். "டீச்சருக்கு அதுல இன்னா கஷ்டம்?" என்று அவருக்குக் கிண்டல் வேறு.

ஏன் என்று நான் கேட்டதற்கு இன்றுவரை பதில் வரவில்லை. ஆனால் ஆண்டவர் கைவிட்டுவிட்டாரோ என்று அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை. பேச்சற்று நான் நின்ற இடத்துக்கே அவர் தண்ணீர் கொடுத்தனுப்பியிருந்தாரே.